அடி வாங்குவதற்குச் சிலுவை என்று பெயரா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் அது வரலாற்றுக் கேள்வி. "சிலுவை என்பது ஆட்களைக் கொன்ற மரம். அதைப் போய்க் கழுத்தில் போட்டுக்கொள்வதும் கும்பிடுவதும் எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே சில வரிகள் எழுதியிருக்கிறீர்கள். பிறந்த வீடு வேறு மதம், வாழ்க்கைப்பட்டது கிறிஸ்தவக் குடும்பத்தில். கணவர் குடித்துவிட்டு வந்து கை நீட்டுகிறார். மாமியாரிடம் அழுதால், "ஒவ்வொருத்தருக்கும் ஆண்டவர் ஒரு சிலுவை குடுத்திருக்காரும்மா, சுமந்துதான் ஆகணும்" என்கிறார். உங்கள் தாலியிலேயே சிலுவை பொறித்திருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது இது என்று எடுத்துக்கொள்கிறேன்: நான் அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தச் சிலுவைக்கு அர்த்தமா?

இல்லை. இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஏன் இல்லை என்று விளக்கத்தான் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் மாமியார் அந்தப் பேச்சைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரசங்க பீடத்திலிருந்தும், துக்க வீடுகளிலும், பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் கேட்டு வந்திருப்பார். நான் தென் மாவட்டங்களில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். நடுவில் சில ஆண்டுகள் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பித்தேன். நான் பேசுவது சீர்திருத்தத் திருச்சபையின் பின்னணியிலிருந்து. கத்தோலிக்கர்கள் சிலவற்றை வேறு விதமாகச் சொல்வார்கள். உங்கள் கேள்வியின் மையத்தில் எங்களுக்குள் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிலுவை கொலைக் கருவிதான். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ரோமர்கள் அந்தத் தண்டனையை எல்லாருக்கும் கொடுக்கவில்லை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் குடியுரிமை இல்லாத சாமானியர்களுக்கும் வைத்திருந்தார்கள். ரோமக் குடிமகனின் உடலுக்கு மட்டுமில்லை, அவன் கண்ணுக்கும் காதுக்கும் நினைப்புக்கும்கூட அந்தப் பெயர் வரக் கூடாது என்று ரோம வழக்கறிஞர் சிசரோ ஒரு வழக்கில் வாதாடினார். ஸ்பார்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் போரை கி.மு. 71-ல் அடக்கியபோது, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவா முதல் ரோம் வரை சாலையோரமாகச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். கி.பி. 70-ல் எருசலேமை முற்றுகையிட்டபோது, பசி தாங்காமல் மதிலுக்கு வெளியே உணவு தேடி வந்தவர்களை நாளொன்றுக்கு 500 பேர், சில நாள் அதற்கும் மேல், நகரத்தார் பார்க்கும்படி அறைந்தார்கள் என்று யூத வரலாற்று ஆசிரியர் ஜொசிஃபஸ் எழுதுகிறார். உயிரை எடுப்பது மட்டும் நோக்கமாக இருந்தால் ஒரு வாள்வீச்சு போதும். ஆளை நிர்வாணமாக்கி, ஊரே போய்வரும் வழியில் மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காகத் தொங்கவிட்டு, "எங்களை எதிர்த்தால் இதுதான் கதி" என்று மற்றவர்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம். அவமானம்தான் அந்தத் தண்டனையின் சாரம்.

இயேசு அந்த மரணத்தைத்தான் அடைந்தார் என்பது உறுதி. கடவுள் நம்பிக்கை இல்லாத வரலாற்று ஆய்வாளர்களும் இதை ஏற்கிறார்கள். ரோம வரலாற்று ஆசிரியர் டாசிடஸ், பேரரசர் திபேரியு ராயன் ஆட்சியில் பொந்தியு பிலாத்துவின் கையால் கிறிஸ்து மரண தண்டனை பெற்றதைக் குறிப்பிடுகிறார். பிலாத்து யூதேயாவில் ஆட்சி செய்தது கி.பி. 26 முதல் 36 வரை. மரணம் நடந்தது 30 அல்லது 33 என்று பலரும் கணக்கிடுகிறார்கள். இதற்கு மேல் போகும்போதுதான் உறுதி குறைகிறது. இயேசு முழுச் சிலுவையையும் சுமந்தாரா, குறுக்கு மரத்தை மட்டுமா? ஆணி உள்ளங்கையில் இறங்கியதா, மணிக்கட்டிலா? இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களும் சொல்லவில்லை. இயேசுவின் கடைசிப் பயணத்தை நினைத்துச் செய்யும் சிலுவைப் பாதை வழிபாட்டின் 14 நிலைகளில் வரும் வெரோனிக்கா என்ற பெண்ணும், இயேசு மூன்று முறை கீழே விழுந்ததும் வேதாகமத்தில் இல்லை. பின்னால் வந்த பக்தி மரபு தந்தவை. தவறென்று சொல்லவில்லை, எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருப்பது நல்லது. 1968-ல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறைக் குகையில் எலும்புகள் வைத்த கல்பேழை ஒன்று கிடைத்தது. அதில் ஒரு மனிதனின் குதிகால் எலும்பில், பதினொரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான இரும்பு ஆணி குத்தியபடியே இருந்தது. அதன் நுனி வளைந்திருந்தது. அதனால்தான் பிடுங்க முடியாமல் அப்படியே அடக்கம் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. பேழையில் யெகோகனான் என்று அவன் பெயர் கீறியிருந்தது. சிலுவை என்றால் என்ன என்பதற்கு மண்ணிலிருந்து வந்த சாட்சி அது. சுவிசேஷங்களோ அந்தக் காட்சியை ஒரு சில சொற்களில் கடந்துபோகின்றன. அறையும் காட்சியில் ஆணி என்ற பேச்சே நான்கிலும் கிடையாது. உயிர்த்தெழுதலுக்குப் பிறகு சீஷன் தோமா கேட்கும்போதுதான் யோவான் சுவிசேஷத்தில் வருகிறது. இரத்தத்தை விவரித்து அழவைப்பது அவர்கள் நோக்கமாக இல்லை. பெரிய வெள்ளிப் பிரசங்கங்களில் அதையே அரை மணி நேரம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட அவமானச் சின்னம் எப்படிக் கழுத்துக்கு வந்தது? மெதுவாகத்தான் வந்தது. "சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து" யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று அப்போஸ்தலர் பவுலே ஒத்துக்கொள்கிறார். ரோமில் பாலத்தீன் குன்றில் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்திருக்கிறது, சுமார் கி.பி. 200-ஐச் சேர்ந்தது என்பது பலரின் கணிப்பு. கழுதைத் தலையோடு ஒரு மனிதன் சிலுவையில் தொங்குகிறான், கீழே ஒருவன் கையை உயர்த்தி வணங்குகிறான், "அலெக்ஸமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் கேலியாக எழுதியிருக்கிறது. சிலுவையில் தொங்கும் இயேசுவை வரைந்ததாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய படங்களில் ஒன்று, கிறிஸ்தவர்களைக் கிண்டல் செய்ய வரைந்தது! முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் கல்லறைகளில் மீனையும் நங்கூரத்தையும் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனையும் வரைந்தார்கள். நெற்றியில் விரலால் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்ளும் பழக்கம் அப்போதே இருந்தது. படமாகவும் சிற்பமாகவும் வைப்பது அரிது. நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிறகுதான் அது வெளிப்படையான சின்னமானது. ஆட்கள் சிலுவையில் தொங்குவதைக் கண்ணால் பார்க்காத தலைமுறைதான் அதைப் பொன்னில் செய்யத் துணிந்தது என்று நினைக்கிறேன். அப்புறம் அரசர்கள் அதைக் கொடியில் ஏந்திப் போருக்குப் போனார்கள். அந்த வரலாறு எங்களுக்குப் பெருமை தருவதில்லை.

கும்பிடுவது பற்றி ஒரு வார்த்தை. 380-களில் எகேரியா என்ற பெண் எருசலேமுக்குத் திருப்பயணம் போய், பெரிய வெள்ளியன்று பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். இயேசுவின் சிலுவை மரம் என்று நம்பிய துண்டை ஆயர் இரு கையாலும் பிடித்திருக்க, மக்கள் ஒவ்வொருவராகக் குனிந்து முதலில் நெற்றியாலும் பிறகு கண்களாலும் அதைத் தொட்டு முத்தமிட்டுப் போனார்களாம். கையால் தொட யாருக்கும் அனுமதியில்லை. முன்பு ஒருவன் முத்தமிடுவதுபோலக் குனிந்து ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டதால், ஆயருக்கு உதவும் டீக்கன்மார் சுற்றி நின்று காவல் காத்தார்கள். நம்மூரில் எதையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அம்மாக்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. மணப்பாட்டில் கடலோர மணல்மேட்டின் மேலிருக்கும் திருச்சிலுவைக் கோயிலுக்கு செப்டம்பர் திருவிழாவில் திரளும் கூட்டமும் இதே உணர்வோடுதான் போகிறது. மரத்துக்குச் செய்யும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று 787-ல் நிசேயாவில் கூடிய சங்கம் பிரித்துச் சொன்னது. கத்தோலிக்கர் இன்றும் அதையே சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் உருவமில்லாத வெறும் சிலுவையை வைப்போம், கும்பிட மாட்டோம். எப்படிப் பார்த்தாலும் யாரும் மரத்தைக் கடவுள் என்று நினைப்பதில்லை. குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் மடித்த சிலுவையை வாசல் நிலையில் செருகிவைத்து, அடுத்த வருடம் அதையே எரித்துச் சாம்பல் புதனுக்குச் சாம்பலாக்குகிறோம். கடவுள் என்று நினைத்திருந்தால் எரிப்போமா?

இனி, இந்த மரணம் "எங்களுக்காக" என்று ஏன் சொல்கிறோம்? ஆராதனையில் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம் "எங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டார்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. எப்படி, எந்த வழியில் என்று அது விளக்கவில்லை. விளக்கங்கள் பின்னால் வந்தன. சாவையும் தீமையையும் வென்ற வெற்றி என்றார்கள் ஆதித் திருச்சபைப் பிதாக்கள். மனிதன் கடவுளின் மாண்புக்குச் செய்த குறையை ஈடுசெய்தது என்று 1098 வாக்கில் இறையியலாளர் அன்செல்ம் எழுதினார். கடவுளின் அன்பைக் காட்டி நம் மனதை மாற்றுவது என்றார் இன்னொரு இறையியலாளர் அபேலார்டு. நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார் என்பதைச் சீர்திருத்தவாதிகள் அழுத்திச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் வேதத்தில் ஆதாரம் உண்டு, எந்த ஒன்றும் முழுமை கிடையாது. இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடைசி விளக்கத்தைச் சிலர் கொச்சையாகச் சொல்லும்போது, கோபம் கொண்ட தகப்பன் யாரையாவது அடித்தால்தான் ஆறுவார், அதனால் மகனை அடித்தார் என்று ஆகிவிடுகிறது. அது சுவிசேஷம் கிடையாது. தேவன் "கிறிஸ்துவுக்குள்" உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார் பவுல். அடித்தவர் பக்கத்தில் அவர் நிற்கவில்லை, அடிபட்டவருக்குள் இருந்தார். அடிக்கிற தகப்பனைக் கடவுளாக வைத்துக் கும்பிடும் வீட்டில் அடிக்கிற கணவனும் இயல்பாகத் தெரிவான். இந்தத் தவறான போதனை எத்தனை வீடுகளுக்குள் போயிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இப்போது உங்கள் மாமியார் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். அது இயேசுவின் ஒரு சொல்லிலிருந்து வந்தது: "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." லூக்கா ஒன்பதாம் அதிகாரம். இதைக் கேட்ட கலிலேயர்களுக்குச் சிலுவை உவமையாக இருக்கவில்லை. இயேசு பிறந்த காலத்தை ஒட்டி, கி.மு. 4-ல், கலகம் செய்த சுமார் 2,000 பேரை ரோம ஆளுநர் வாருஸ் சிலுவையில் அறைந்திருந்தான். இயேசுவைக் கேட்டவர்களில் சிலருடைய பெற்றோர் அதைப் பார்த்திருப்பார்கள். ஆகவே இயேசு சொன்னது இதுதான்: நான் போகிற வழியில் வந்தால், ஏழைக்கும் ஒதுக்கப்பட்டவனுக்கும் பக்கத்தில் நின்றால், கோயில் வியாபாரத்தைத் தட்டிக் கேட்டால், அதிகாரம் உன்னை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டே வா. வாக்கியம் "விரும்பினால்" என்று தொடங்குவதைப் பாருங்கள். "எடுத்துக்கொண்டு" என்று போகிறது, "சுமத்தப்பட்டு" என்று இல்லை. "என்னைப் பின்பற்ற" என்று முடிகிறது. விருப்பமும் இல்லாமல், இயேசுவின் வழியோடு சம்பந்தமும் இல்லாமல், ஒரு மனிதனின் குடியாலும் கோபத்தாலும் வந்து விழுகிற அடியை இந்த வாக்கியத்துக்குள் நுழைக்க இடமே இல்லை.

இயேசுவே எல்லா அடியையும் வாங்கிக்கொள்ளவில்லை. நாசரேத்தில் மலை உச்சியிலிருந்து தள்ளப் பார்த்தபோது நடுவே புகுந்து போய்விட்டார். தேவாலயத்தில் கல்லெறியப் போனபோது மறைந்து வெளியேறினார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சீஷர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பிடிபட்ட இரவில்கூட, பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது அவர் பேசாமல் இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் பதினெட்டாம் அதிகாரம், இருபத்து மூன்றாம் வசனம். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் கேட்ட கேள்வி இது. பிரசங்கத்தில் இந்த வசனம் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பவுலையும் பாருங்கள். சிலுவையைத் தவிர வேறொன்றிலும் மேன்மை பாராட்டமாட்டேன் என்றவர் அவர். எருசலேமில் அவரை வாரால் கட்டிச் சாட்டையால் அடிக்கப் போனபோது, "ரோமனும் நியாயம் விசாரிக்கப்படாதவனுமாகிய மனுஷனை அடிக்கிறது உங்களுக்கு நியாயமா?" என்று நூற்றுக்கு அதிபதியிடம் கேட்டார். சட்டம் கொடுத்த பாதுகாப்பை எடுத்துப் பயன்படுத்தினார், அடி நின்றது. தமஸ்குவில் பிடிக்க வந்தபோது கூடையில் உட்கார்ந்து மதில் வழியாக இறங்கித் தப்பினார். அவருக்கு ஏதோ ஒரு தீராத உபாதை இருந்தது. அதை "மாம்சத்திலே ஒரு முள்" என்றாரே தவிர, சிலுவை என்று சொல்லவில்லை. அதை எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். துன்பம் வந்தால் நீக்கச் சொல்லி வேண்டுவதும் அதிலிருந்து விலகுவதும் விசுவாசக் குறைவு என்றால், பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்" என்று கேட்ட இயேசுவையும் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கும்.

என் ஊழியத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான். சிலுவையை ஒருவர் தன் தோளில் எடுக்கலாம். இன்னொருவர் தோளில் கொண்டுபோய் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. சுவிசேஷங்களில் பிறர் தோளில் சிலுவையை வைத்தவர்கள் ரோமச் சிப்பாய்கள். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சிரேனே ஊரானாகிய சீமோனைப் பிடித்துக் கட்டாயப்படுத்தியது அவர்கள்தான். சுமக்க முடியாத சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களில் சுமத்திவிட்டு, தாங்கள் ஒரு விரலாலும் தொடாதவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பது மத்தேயு இருபத்து மூன்றில் இருக்கிறது. புற்றுநோயோடு படுத்திருக்கும் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது என் சிலுவை ஐயா, அவர்கூடச் சேர்ந்து சுமக்கிறேன்" என்று சொல்லும்போது நான் திருத்தப் போவதில்லை. அவர் தன் வேதனைக்குள் இயேசுவைக் கண்டுபிடித்திருக்கிறார். அது பரிசுத்தமான பேச்சு. அதையே நான் கட்டில் பக்கத்தில் நின்று அவருக்குச் சொன்னால் அது கொடுமை.

உங்களுக்கு எதிராகச் சொல்லக்கூடிய வசனங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேதுருவின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், முரட்டு எஜமான்களுக்கும் கீழ்ப்படியுங்கள், கிறிஸ்து பாடுபட்டு உங்களுக்கு மாதிரி வைத்துப்போனார் என்று வேலைக்காரருக்கு எழுதியிருக்கிறது. உடனே அடுத்து "அந்தப்படி மனைவிகளே" என்று மூன்றாம் அதிகாரம் தொடங்குகிறது. இதை வைத்துத்தான் பல பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த வேலைக்காரர் அடிமைகள். தப்பி ஓடினால் பிடித்துக் கொல்லக்கூடிய சட்டத்தின் கீழ் இருந்தவர்கள். வழியே இல்லாதவர்களிடம், "உங்கள் வேதனை வீணில்லை, கிறிஸ்து உங்கள் பக்கம் நிற்கிறார்" என்று ஒரு மேய்ப்பன் சொன்ன ஆறுதல் அது. வழி இருப்பவளிடம் கதவைச் சாத்துவதற்கு அதை எடுக்கக் கூடாது. மனைவிகளுக்கு எழுதியதை எடுத்துக்காட்டுகிறவர்கள் சில வரி தள்ளி ஏழாம் வசனத்தையும் வாசிக்க வேண்டும். மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாத புருஷனுடைய ஜெபத்துக்கே தடை வரும் என்கிறது அது. எல்லா அறிஞர்களும் இந்தப் பகுதியை என்னைப் போலவே வாசிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடிப்பதற்கு இது அனுமதி தருகிறது என்று எந்தப் பொறுப்பான உரையாசிரியரும் சொல்ல முடியாது.

அடுத்து மன்னிப்பு. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று இயேசுவே சொன்னாரே, நீ மன்னித்துவிட்டுப் போ என்பார்கள். லூக்காவின் மிகப் பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் இந்த ஜெபம் இல்லை. இருந்தாலும் இயேசுவின் வாழ்க்கையோடு முற்றிலும் பொருந்துவதால் அது அவருடைய சொல்தான் என்று நான் நம்புகிறேன். மன்னிப்பது கிறிஸ்தவனுக்கு விருப்பப் பாடம் கிடையாது, உண்மைதான். ஆனால் மன்னிப்பதும் திரும்பிப் போய் அதே கைக்கு அகப்படுவதும் வேறு வேறு. உயிர்த்தெழுந்த இயேசு பயந்து ஓடிய சீஷர்களைத் தேடிப் போனார். பிலாத்துவின் அரண்மனைக்கோ பிரதான ஆசாரியன் காய்பாவின் வீட்டுக்கோ போகவில்லை. மனம் திரும்பாதவரிடமிருந்து தூரமாக இருந்துகொண்டே அவரை மன்னிக்க முடியும். அதுவும் உங்களுக்கு முடிகிற காலத்தில், உங்கள் வேகத்தில். யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அப்படியானால் அன்றாட வாழ்க்கையில் சிலுவை என்று எதைத்தான் சொல்வது? சரியானதைச் செய்தால் விலை கொடுக்க வேண்டிவரும் என்று தெரிந்தும், அன்பினால் அதைச் செய்வது. லஞ்சக் கோப்பில் கையெழுத்துப் போட மறுத்துத் தூரத்து ஊருக்கு மாற்றலாகும் எழுத்தர் அதைச் சுமக்கிறார். படுக்கையில் விழுந்த தாய்க்கு, அண்ணன் தம்பி எல்லாரும் ஒதுங்கிக்கொண்ட பிறகும், தினமும் உடம்பு துடைத்துவிட்டுப் புரட்டிப் படுக்கவைக்கும் மகள் அதைச் சுமக்கிறாள். குமரி மண்ணின் தேவசகாயம் பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்தவர். 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். விசுவாசத்தை விட்டிருந்தால் பழைய வாழ்க்கை திரும்பக் கிடைத்திருக்கும். விடவில்லை. 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அது எடுத்துக்கொண்ட சிலுவை. அதே தமிழ் மண்ணில், சில ஊர்களின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரிவினையின் நடுச்சுவரைக் கிறிஸ்து சிலுவையால் தகர்த்தார் என்று எபேசியர் நிருபம் சொல்கிறது. பிரிவின் இரண்டு பக்கத்திலும் கல்லறை மேல் சிலுவைதான் நிற்கிறது. தாழ்த்தப்பட்டவரின் சாவைத் தானும் செத்தவர் இயேசு என்று தலித் இறையியலாளர்கள் சொல்லும்போது, ரோமர்கள் யாருக்கு இந்த மரத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்ற வரலாறு அவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

நான் நிரூபிக்க முடியாத ஒன்றையும் சொல்கிறேன். அந்த மரத்தில், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியவருக்குள் கடவுள் இருந்தார் என்பது என் விசுவாசம். ஆராய்ச்சியால் அதைக் காட்ட முடியாது. ஆனால் அது உண்மையானால், உங்கள் வீட்டில் அடி விழும் இரவில் கடவுள் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓங்கிய கையில் அவர் இல்லை. அடுப்பங்கரை மூலையில் உங்களோடு இருக்கிறார், நீங்கள் அங்கிருந்து எழுந்து வெளியே வரவேண்டும் என்று விரும்புகிறார்.

நான் வக்கீலோ மனநல மருத்துவரோ இல்லை. அதனால் எனக்குத் திண்ணமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் பேசலாம். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கணவர் உங்களை நெருங்காதபடி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும், நீங்கள் வாழும் வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கவும் உரிமை உண்டு. அடிபட்டால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படிக் காயம் பட்டது என்று உள்ளபடியே சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். அந்தச் சீட்டையும் ஆதார், குழந்தைகளின் சான்றிதழ் போன்றவற்றையும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கணவரின் குடிக்குச் சிகிச்சை இருக்கிறது. போக வேண்டியது அவர், போகவைப்பது உங்கள் மேல் விழுந்த கடமை ஆகாது.

சபையின் ஆயரிடம் பேச நினைத்தால் தனியாகப் போகாதீர்கள், உங்கள் பக்கம் பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிப்போங்கள். "ஜெபம் பண்ணுங்க, பொறுமையா இருங்க" என்பதோடு அவர் நிறுத்தினால், யோவான் 18:23-ஐ வாசித்துக் காட்டும்படி அவரையே கேளுங்கள். அதற்குப் பிறகும் அவர் அசையாவிட்டால் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். மாமியாரிடம் வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். இதே வாக்கியத்தைக் கேட்டு, இதே அடியை வாங்கி வளர்ந்த மாமியார்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: "அத்தை, உங்க மகளை மருமகன் அடிச்சா, இதே வார்த்தையைச் சொல்லித் திருப்பி அனுப்புவீங்களா?" பதில் எப்படி வந்தாலும், 181-க்குப் பேசுவதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.